ஒருமுறை பிழைத்த கோழி

கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் ஒருமுறை வந்து நீங்கிவிட்டால், அப்புறம் அவற்றுக்குக் கழிச்சல் பயமே இல்லை யென்று குடியானவர்கள் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணிய ஒருவர், நோயினின்று பிழைத்த தம் குஞ்சுகளை, வேறிடத்தில் வாங்கிய கோழிகளோடு ஒரே கொட்டகையில் அடைத்தார். பத்து நாட்களுக்குள் குஞ்சுகள் மறுபடியும் இறகு சிலிர்த்துக் குன்றி நின்றன. இம்முறை ரத்தம் இல்லை; இறந்ததை அறுத்துப் பார்க்கையில் முன்குடலில் வெண்கோடுகள் காணப்பட்டன.

அவருடைய எண்ணம் பாதி மெய்யே. அபாயமும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. 1796-ல் ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்த வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். ஆகவே ஓர் உறவுக் கிருமி மற்றொன்றைத் தடுக்குமென்று நம்புவது இயல்பே. குடலில் வாழும் எய்மீரியா என்னும் ஒட்டுண்ணிகளிடம் இந்த நியாயம் செல்லாது.

கோழியைப் பற்றும் முக்கிய இனங்கள் ஏழு. டெனெல்லா குருட்டுக்குடலைத் தாக்கி ரத்தம் கழியச் செய்யும். அசெர்வுலினா முன்குடலில் தங்கிக் கோழியை இளைக்கச் செய்யும். மேக்சிமா நடுக்குடலைப் பற்றும். பிழைத்த கோழிக்கு வந்த இனத்தினிடம் நல்ல எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது; மற்றவற்றினிடம் மிகச் சொற்பமே. மேக்சிமாவிலோ ஒரே இனத்தின் இரு வம்சங்கள்கூட ஒன்றுக்கொன்று காப்பளிக்கத் தவறுவதுண்டு. இதனாலன்றோ இங்கிலாந்தில் உருவாகிய பாராகாக்ஸ் என்னும் தடுப்பு மருந்தில் ஏழு இனங்களையும், மேக்சிமாவில் மட்டும் இரு வம்சங்களையுமாக எட்டு வகைகளைச் சேர்த்தார்கள்! ஒன்றே போதுமாயின் இத்தனை சிரமம் எதற்கு?

ஆதலால் பிறபண்ணைக் கோழிகளைத் தம் குஞ்சுகளோடு கலப்பது கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம். அவை பார்வைக்குத் திடமாயிருப்பினும், எச்சத்தில் வேறினத்தின் வித்துக்களைக் கொணரக்கூடும். ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் அவ்வித்துக்கள் இரண்டொரு நாளில் முதிர்ந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அவை அஞ்சுவதில்லை. பினாயில் மணம் கொட்டகைக்காரருக்குத் திருப்தி தருமேயன்றி வேறு பயன் தருவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் அடியில் நனைந்த உமியை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துவதே மேல்.

உயிருள்ள தடுப்பு மருந்து கொடுத்தவர்கள், தீவனத்தில் கழிச்சல் மருந்தைக் கலவாதிருக்கவேண்டும். கலந்தால், கொடுத்த தடுப்பு மருந்தே வீணாகிவிடும். கழிச்சல் கண்டு குஞ்சு இறந்தால் புதைக்குமுன் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் செய்யுங்கள். புண் குருட்டுக்குடலிலா, நடுக்குடலிலா, முன்குடலிலா என்பதை எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை வருவது பழைய இனமா புதியதா என்று ஒருவாறு அறியலாம்.