செத்துப் பிறக்கும் ஆறு இலக்கம்

காலை மணி பத்து. ஏ.சி. வகுப்புகளுக்கான தட்கல் முன்பதிவு திறக்கும் நேரம். 2025 ஜூலை 15 முதல் இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க ஆதார் வழி ஓ.டி.பி. கட்டாயம். ஆக, ரயிலுக்கு முன்னால் எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

இத்தகைய நெரிசலைக் கணக்கிடுவதில்தான் பல செயலிகள் கோட்டை விடுகின்றன. நாளுக்கு எத்தனை செய்தி என்பது இங்கே பேச்சே இல்லை. விநாடிக்கு எத்தனை என்பதே கேள்வி.

விநாடிக்கு 500 செய்தி அனுப்பும் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 கோடிக்கு மேல் அனுப்பலாம். காகிதத்தில் அமோகம்! ஆனால் ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால், கடைசி ஆளின் செய்தி கிளம்பவே 200 விநாடி ஆகும். ஓ.டி.பி.யின் ஆயுள் மூன்று நிமிடம் என்றால் அவர் கைக்கு வருவது செத்த எண். பொறுமையிழந்து 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்துகிறார். வரிசை இன்னும் நீள்கிறது.

மொழியும் கணக்கில் சேரும். ஒரு செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். தமிழோ, இந்தியோ 70தான். 'தமிழ்' கண்ணுக்கு மூன்றெழுத்து. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் செய்திக் கணக்கில் ஐந்து. 70ஐத் தாண்டினால் செய்தி இரண்டு துண்டு. 200 விநாடி 400 ஆகிறது. அதற்காகத் தாய்மொழியைக் கைவிட வேண்டியதில்லை. வாசகத்தைச் சுருக்கலாம், பாதையை அகலப்படுத்தலாம்.

மற்ற வழிகளும் எளியவையே. ஓ.டி.பி.க்குத் தனிப் பாதை. தள்ளுபடி விளம்பரம் அதில் நுழையக் கூடாது. காலாவதியான எண்ணை வரிசையிலிருந்தே நீக்க வேண்டும். ஒரு வழி அடைத்தால் மாற்று வழி வேண்டும். எல்லாவற்றையும் உச்ச நெரிசலை வைத்துச் சோதிக்க வேண்டும். சராசரியை வைத்து அல்ல.

பாதை அகலமாக இருந்தால் மட்டும் போதாது என்பதை 2021 மார்ச் 8 காட்டியது. மோசடிச் செய்திகளைத் தடுக்க, பதிவு செய்த வாசகத்தோடு ஒத்துப்போகாத எஸ்.எம்.எஸ்.களைத் தொலைபேசி நிறுவனங்கள் வடிகட்டத் தொடங்கின. வங்கி ஓ.டி.பி.களும் சிக்கிக்கொண்டன. பணப் பரிமாற்றங்கள் பாதியில் நின்றன. மறுநாளே டிராய் அந்த வடிகட்டலை ஒரு வாரம் நிறுத்திவைத்தது.

கூடுதல் பாதைக்குச் செலவாகும்தான். அதை மிச்சப்படுத்துவது நிறுவனம். விலை கொடுப்பது, பத்து மணி நான்கு நிமிடத்தில் காலாவதியான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயணி.