கடைமடைக் கம்பி

கொஞ்ச நாளாக என்னைப் பார்க்க வருகிறவர்கள் கதையைப் பற்றிக் கேட்பதில்லை. "ஸார், நீங்கள் எந்தக் கம்பெனி ஃபைபர் போட்டிருக்கிறீர்கள்? எது தேவலை?" என்றுதான் கேட்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தேடுகிற தகப்பனார் முகத்தில்கூட இவ்வளவு கவலை இராது. தஞ்சாவூரில் எங்கள் தெருவில் பழைய தாமிரக் கம்பியை விட்டுக் கண்ணாடி இழைக்கு மாறாத வீடு இரண்டோ மூன்றோதான் பாக்கி. மாறுகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். கேள்வியே தவறு என்பது என் கட்சி.

கண்ணாடி இழையை நான் குறை சொல்லவில்லை. பௌதிகத்தைப் ப்ளஸ் டூவோடு கைகழுவியவன் நான். இருந்தாலும், மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் வெளிச்சம் ஓடி, சிங்கப்பூரில் இருக்கும் பேரனின் சிரிப்பைத் திருவையாற்றுத் திண்ணையில் கொண்டுவந்து வைக்கிறது என்றால் அது சாமானியக் காரியம் அல்ல என்பது எனக்கும் தெரிகிறது. தாமிரத்தில் டெலிபோன் நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் தேயும். இழையில் அந்தத் தொல்லை இல்லை. பொருள் உசத்திதான். அதை விற்கிற விதத்தோடும், நாம் வாங்குகிற விதத்தோடும்தான் என் சண்டை.

வாசலில் செருகிவிட்டுப் போகிற நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். "100 எம்.பி.பி.எஸ். வரை" என்று இருக்கும். நூறு கொட்டை எழுத்தில். 'வரை' எறும்பு எழுத்தில். ரேஷன் கடையில் "இருபது கிலோ வரை அரிசி" என்று சொல்லி ஏழு கிலோ போட்டால் நாம் பையை மடித்துக்கொண்டு வந்துவிடுவோமா? பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய வேகம் என்று மத்திய அரசு வைத்திருக்கும் அளவு 2 எம்.பி.பி.எஸ். அதுவும் 2023 ஜனவரியில் உயர்த்தியது. அதற்கு முன்பு 512 கே.பி.பி.எஸ். இரண்டுக்கும் நூறுக்கும் நடுவில் கிடக்கிற பொட்டல் முழுவதும் அந்த 'வரை'க்குப் பட்டா போட்ட நிலம்.

அந்த நூறும் பிட் கணக்கு. நம் கோப்புகளும் படங்களும் பைட் கணக்கு. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு; ஒரு பைட்டுக்கு எட்டு பிட். படி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஆழாக்கால் அளந்து போடுகிறார்கள்.

நாம் டெல்டாக்காரர்கள். இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றவே முடியக்கூடாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளையாகி, வாய்க்காலாகி, மடை வழியாக வயலுக்குப் போகிறது. மேட்டூரில் எத்தனை அடி என்று பத்திரிகையில் போடுகிறார்கள். பேராவூரணிப் பக்கத்து விவசாயி அதைப் படித்துவிட்டு உழப் போவதில்லை. "நம்ம வாய்க்காலுக்கு வந்துவிட்டதா?" என்றுதான் கேட்பார். கடைமடையில் இருப்பவனுக்கு அணையின் உயரத்தால் பசி ஆறாது.

இழையும் இப்படித்தான். கம்பெனியின் நிலையத்திலிருந்து புறப்படுகிற ஓர் இழையின் 2.5 ஜிகாபிட்டைத் தெருமுனைப் பெட்டியில் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துவிடுவது சாதாரண ஏற்பாடு. சாயங்காலம் அத்தனை வீட்டிலும் ஒரே சமயத்தில் சினிமா பார்த்தால் கடைசி வீட்டுக்குச் சேறுதான். ஆனால் நாம் கேட்பது என்ன? எத்தனை சினிமா செயலி இலவசம் என்று.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எங்கள் பூர்வீக கிராமம் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணா, அங்கே பயிர் வைத்திருக்கிறார். கடைத்தெருவில் இணைய வேலைகள் செய்து கொடுக்கிற கடைகள் இரண்டு. இரண்டும் வெவ்வேறு கம்பெனி இணைப்பு. "ஒன்று போனால் இன்னொன்று" என்று அண்ணாவுக்கு ஏகப்பட்ட தைரியம். சம்பாப் பயிருக்கு இன்ஷூரன்ஸ் பதியக் கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று கடைத்தெரு வழியாகப் போயிற்று. தாழத் தொங்கிய கம்பிகள் அத்தனையையும் வாரிக்கொண்டு போயிற்று. இரண்டு கம்பெனிக் கம்பியும் ஒரே கம்பத்தில்தான் தொங்கின என்பது அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது.

புகார் எண் வந்தது. "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று கைபேசியில் செய்தியும் வந்தது. கம்பி மட்டும் தரையில் கிடந்தது. அண்ணா பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்து, என் வீட்டில் ஒரு வாய் காபிகூடச் சாப்பிடாமல், வரிசையில் நின்று பதிந்துவிட்டுப் போனார். அவருக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குப் பார்ப்பவர் "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று நம்பி இருந்துவிட்டார். கார்த்திகை மழையில் இரண்டு வயலும் சேர்ந்துதான் முழுகின. ஒரு வயலுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஏணியோடு ஒரு பையன் வந்தான். கேபிள் டி.வி. காலத்திலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவன் ஒருவன்தான். இழையை ஒட்டுகிற மெஷினும் ஒன்றுதான். அண்ணா கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டு கம்பெனியில எது நல்ல கம்பெனி?"

"எந்தக் கம்பெனியா இருந்தா என்னங்க? அறுந்தா நான்தானே வரணும்."

இந்தப் பதிலுக்கு மேல் எந்த நிபுணரும் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பாங்கியில் உத்தியோகம் பார்க்கும் என் சிநேகிதர் ஒருவர், "போட்டி வந்தால் எல்லாம் தானே சரியாகிவிடும்" என்கிறார். போட்டி வந்ததால் விலை இறங்கியது வாஸ்தவம். ஜியோ 2019 செப்டம்பரில் வீட்டு இழைக்கு இறங்கிய பிறகு மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். ஆனால் போட்டி சென்னை அடுக்குமாடிகளின் வாசலில் நடக்கிறது. எங்கள் கிராமத்தில் போட்டி போர்டில் மட்டும் இருக்கிறது. கம்பம் ஒன்று, ஏணி ஒன்று. அரசாங்கக் கம்பெனியா தனியாரா என்று திண்ணையில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கும் இதே பதில்தான். பி.எஸ்.என்.எல்.கூடப் பல ஊர்களில் உள்ளூர்ப் பங்குதாரர்களைக் கொண்டுதான் வீட்டுக்கு இழை இழுக்கிறது.

சர்க்கார் செய்யவில்லையா என்றால், செய்யத்தான் செய்கிறது. ஊராட்சிதோறும் இழை கொண்டுபோகிற திட்டத்துக்கு 2011-ல் மத்திய அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க ஃபைபர்நெட் கழகம் என்று ஒன்று ஏற்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வருவது ஆறு. அங்கிருந்து வீட்டுக்குப் போவது வாய்க்கால். அணை திறக்கும்போது மலர் தூவ மந்திரிகள் வருகிறார்கள். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளுவதற்கு யாரும் மேளம் வைப்பதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதைப் பார்த்த பிறகும் இந்த மெல்லிய இழையை அதே மாதிரிக் கம்பத்தில், அதே மாதிரித் தென்னை மரத்தடியில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால், என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. கேள்விகள்தான் சொல்கிறேன். கம்பி எந்த வழியாக வருகிறது? அறுந்தால் வருகிற ஆள் யார், எந்த ஊரில் இருக்கிறார்? இறக்குமதி வேகத்தைச் சொன்னீர்கள், ஏற்றுமதி வேகம் எவ்வளவு? மாத அளவு தீர்ந்த பிறகு என்ன மிஞ்சும்? போட்ட விலைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா, அதற்குள்ளேயா? சலுகையைக் கண்டு முதலிலேயே ஒரு வருஷப் பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். இன்னொன்று. பழைய டெலிபோன் மின்சாரம் போனாலும் பேசும். அதற்கு வேண்டியது டெலிபோன் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. வீட்டுப் பெட்டிக்கு ஒரு பாட்டரி வாங்கி வையுங்கள்.

இதையெல்லாம் ஒரு வீடு தனியாகக் கேட்டால் நோட்டீஸ் கொடுக்கிற பையன் சிரித்துவிட்டுப் போவான். ஒரு தெரு சேர்ந்து கேட்டால் மானேஜரிடம் போய்ச் சொல்வான். வாய்க்கால் முறையை ஊர் கூடிப் பேசித் தீர்த்தவர்களின் பேரன்கள்தானே நாம்?

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நம் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, அந்தக் கால் டி.எம்.சி.யையும் மனப்பாடமாகச் சொல்லி மறுகாத டீக்கடை தஞ்சை ஜில்லாவில் கிடையாது. தண்ணீரில் காலுக்குக் கணக்குக் கேட்ட அதே ஜனங்கள், 'வரை' என்று போட்ட சீட்டில் கேள்வி இல்லாமல் கையெழுத்துப் போடுகிறோம். நம்மைக் கம்பெனிகள் ஏமாற்றுகின்றன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மடையைப் பார்க்காமல் அணையைப் பார்த்துக்கொண்டு நிற்பது நாம்தான்.