பிள்ளை தானே சாப்பிடட்டும்!

கை, கால் வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு எல்லா வேலையையும் தாயே செய்துவிடுகிறாள். சோறு ஊட்டுகிறாள். சட்டை மாட்டுகிறாள். பொத்தான் போடுகிறாள்.

அது அன்புதான். ஆனால், அந்த அன்பே பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது!

இன்று தாய் ஊட்டுகிறாள். அவளுக்கு வயதாகிவிட்டால் யார் ஊட்டுவது?

விளையாட்டே மருந்து

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதற்கு "ஆக்குபேஷனல் தெரபி" என்று பெயர். இந்தியாவில் 1950-ம் ஆண்டு பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர், கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி.

பெரியவர்களுக்கும் இந்தச் சிகிச்சை உண்டு. குழந்தைகளுக்கு இது விளையாட்டாகவே நடக்கிறது.

"கையை நீட்டு, மடக்கு" என்றால் குழந்தை சீக்கிரம் சலித்துவிடும். அதே கையில் களிமண்ணைக் கொடுத்தால் பிசையும், உருட்டும். விரலுக்கு வலு வரும்.

பல்லாங்குழியில் புளியங்கொட்டையை எடுக்கும்போது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பழகுகின்றன. பொத்தான் போடவும் அந்த இரண்டு விரல்கள்தானே வேண்டும்! (கண்டதை வாயில் போடும் குழந்தையிடம் கொட்டையைக் கொடுக்கக்கூடாது.)

கடைசி வேலை பிள்ளைக்கு

பொத்தானைத் தாய் பாதி நுழைத்துவிட வேண்டும். மீதியைப் பிள்ளை இழுக்கட்டும். "நானே போட்டேன்!" என்று அதன் முகம் மலரும். அது பழகியதும், அதற்கு முந்திய வேலையையும் பிள்ளையிடமே விடலாம்.

நேரம் ஆகும். சோறு சிந்தும். "பிள்ளையைப் பாடாய்ப் படுத்துகிறாளே!" என்று பாட்டி கோபிக்கலாம். சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிவிடலாம். பழகும் வயதில் பழகாத கையை, பிறகு பழக்குவது கடினம்.

எங்கே போவது?

விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு டாக்டரின் யோசனை கட்டாயம் வேண்டும். 2013-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், 18 வயது வரை பிள்ளைகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைப்பதில் யாருக்கும் பலன் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவு தேறுவதில்லை. ஒரு பிள்ளை தானே சட்டை போடும். இன்னொரு பிள்ளை டம்ளரை மட்டும் பிடித்துத் தண்ணீர் குடிக்கும்.

அந்த ஒரு டம்ளர் தண்ணீரும் வெற்றிதான்!