கத்தி மலிவா, மருந்து விலை அதிகமா?

ஆண்களுக்கு முன்தோல் நீக்குவது எச்.ஐ.வி. தடுப்புக்கு மிகச் சிக்கனமான வழி என்று மேலைநாட்டு நிதியுதவித் திட்டங்களின் பொருளாதார வல்லுநர்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். சுன்னத்து என்றதும் இங்குள்ள மதவெறியர்கள் அதை மதச் சண்டையாக்க முனைவர். அந்த வலையில் நாம் விழ வேண்டியதில்லை. யாருடைய கணக்கு இது என்பதே நம் கேள்வி.

மருத்துவ உண்மையை நாம் மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகள், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவதைக் காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. அதுவும் தொற்று மிகுந்த நாடுகளுக்கே. அங்கே 5 முதல் 15 அறுவைச் சிகிச்சைகள் ஒரு தொற்றைத் தடுக்கும் என்று மதிப்பிட்டனர். வயது வந்தோரில் ஆயிரத்துக்கு இருவர் என்ற அளவில் தொற்றுள்ள இந்தியாவுக்கு இக்கணக்கு பொருந்தாது. 2004இல் வெளியான புனே ஆய்வு, எச்.ஐ.வி.க்கு எதிராகப் பாதுகாப்பைக் கண்டது. சிபிலிஸ், வெட்டை ஆகிய நோய்களுக்கு எதிராகக் காணவில்லை.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து பிறக்கிறது? தடுக்கப்படும் ஒவ்வொரு தொற்றுக்கும், நோயாளிக்கு வாழ்நாளெல்லாம் ஆகியிருக்கும் மருந்துச் செலவு வரவில் எழுதப்படுகிறது. ஆகவே மருந்தின் விலை ஏற ஏறக் கத்தி மலிவாகத் தோன்றும். அந்த விலையோ இயற்கை விதித்ததன்று; காப்புரிமை ஏகபோகம் விதித்தது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்த நமது 1970ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வழிவிட்டது. இன்றும் அதே கதை: அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விலையுள்ள லெனகாபவிர் என்னும் எச்.ஐ.வி. தடுப்பு ஊசிமருந்தை, 2027 முதல் 40 டாலருக்குத் தர இயலும் என்று இந்திய உற்பத்தியாளர்கள் 2025இல் அறிவித்தனர். இடைப்பட்ட தொகை யாருடைய இலாபம்?

மேலும், முன்தோல் நீக்கம் பெண்ணை நேரடியாகக் காப்பதில்லை. கோபிநத்தத்திலிருந்து பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் கூலித் தொழிலாளிக்கும் அவர் மனைவிக்கும் வேண்டியவை இலவச ஆணுறை, பரிசோதனை, அரசு மருத்துவமனையில் தடையின்றிக் கிடைக்கும் மருந்து. 2004 முதல் இந்தியா கூட்டு மருந்தை இலவசமாக வழங்குகிறது. அது தொடர மலிவான உற்பத்தி நிலைக்க வேண்டும். எனவே 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் எஞ்சிய பாதுகாப்புகளை, குறிப்பாக 3(டி) பிரிவை, எந்த வணிக ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தோழர்கள் இக்கோரிக்கையை ஊர்தோறும் எடுத்துச் செல்ல வேண்டும்.