வெட்டவெளி யாருடையது?

"அங்கே ஒன்றுமே இல்லை" என்று ஓர் இடத்தைப் பற்றிச் சொல்வது நமக்கு மிகச் சுலபம். மரமில்லை, வீடில்லை, கடையில்லை, ஆகவே ஒன்றுமில்லை! ஒன்றுமில்லாத இடத்தில் என்ன செய்தாலும் பாதகமில்லை என்பது அதற்கு அடுத்த பேச்சு. முதல் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டால், இரண்டாவதற்கும் நாம் உடந்தையாகிவிடுகிறோம்.

குஜராத்தில், கட்ச் வளைகுடாவின் தலைமாட்டில், சின்ன ரண் என்று ஓர் உப்பு வெளி இருக்கிறது. சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். எந்தத் திசையில் பார்த்தாலும் வானம் தரையில் வந்து முட்டுகிற சமவெளி. பனிக்காலம் வந்ததும் பெரிய நகரங்களிலிருந்து சிலர் முரட்டு ஜீப்புகளில் அங்கே போகிறார்கள். பாதையில் போவதற்கு அல்ல. பாதையை விட்டு இறங்கி ஓட்டுவதற்கென்றே போகிறார்கள். வட்டம் போடுகிறார்கள், புழுதி கிளப்புகிறார்கள், அதைப் படம் பிடிக்கிறார்கள். பிறகு பாலைவனத்தை வென்று வந்ததாக நாலு பேரிடம் சொல்லி மார்தட்டிக்கொள்கிறார்கள்.

வென்றார்களாம்! யாரை? அங்கே இவர்களை எதிர்த்து நின்றவர் யார்?

அந்த வெளியின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஆடி ஆவணியில் அது பாலைவனமே அல்ல, கடல். தென்மேற்குக் காற்று வளைகுடாவின் உப்பு நீரை உள்ளே தள்ளுகிறது. பனாஸ், ரூபேண் முதலிய ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இரண்டும் கலந்த அந்த ஆழமற்ற நீரில் இறால் வளர்கிறது. வலையோடு மீனவர்கள் வருகிறார்கள். ஐப்பசி வாக்கில் நீர் வற்றுகிறது. உடனே அகரியா என்கிற உப்புத் தொழிலாளர்கள், பெண்டு பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் வந்து குடிசை போடுகிறார்கள். கிணறு வெட்டி, பூமிக்கடியில் இருக்கிற கடும் உப்பு நீரை டீசல் எஞ்சினாலோ, இப்போது பலரிடம் இருக்கிற சூரிய ஒளிப் பம்பினாலோ இறைக்கிறார்கள். பாத்தி பாத்தியாக அதை மாற்றிவிட்டு, உப்பு பூக்கிற நாளிலிருந்து மரப்பலகையால் தினந்தோறும் கிளறிவிடுகிறார்கள். பங்குனி சித்திரை வெயிலில் அள்ளுகிறார்கள். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரவேண்டும். காலம் முழுவதும் உப்பில் நின்று இறுகிப்போன அவர்களுடைய பாதங்கள் சிதையிலும் வேகாது என்று சொல்வார்கள்.

இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத் தருகிறது. அதில் இந்தச் சின்ன ரண்ணின் உப்பும் சேர்த்தி. ஒருவன் வட்டம் போட்டு விளையாடுகிற தரை, இன்னொருவனுக்கு நஞ்சை நிலம். தஞ்சாவூரில் நாற்று நட்ட வயலில் ஒருவன் ஜீப்பை இறக்கினால் ஊரே திரண்டு வந்து கையைக் காலை முறித்துவிடும். அகரியாவின் பாத்தி வரப்பை மிதித்தால் மட்டும் அதற்குப் பெயர் சாகசம்!

சாகசமாவது முழுசாக இருக்கிறதா? அதுவும் இல்லை. அந்தத் தரை மேலே பாளம் பாளமாக வெடித்து, கெட்டியாகத் தோன்றும். அந்தத் தோலுக்கடியில் பல இடங்களில் ஈரக் களிமண் இருக்கிறது. கனத்த வண்டியின் பாரம் தாங்காமல் தோல் உடைந்தால் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். விசையை அழுத்த அழுத்த இன்னும் புதையும். அப்போது பாலைவனத்தை வென்ற வீரர் என்ன செய்வார்? சுற்றுமுற்றும் பார்த்து, கைகொடுக்க ஆள் தேடுவார். தூரத்தில் குடிசை இருந்தால் அதை நோக்கித்தான் நடப்பார். ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் ஆள் இருக்கிறான் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரியவரும்.

மனிதனை விடுங்கள். இந்தியக் காட்டுக் கழுதையின் கடைசிப் பெரும் புகலிடம் இதுதான். வறட்சியும் நோயும் தாக்கி, 1960களின் கடைசியில் சில நூறாகக் குறைந்துபோன பிராணி. 1973-ல் இதைச் சரணாலயமாக்கினார்கள். 2024 கணக்கெடுப்பில் அவை 7,600-க்கு மேல். காப்பாற்றியது ஒன்றும் மந்திரமல்ல. அவற்றை அவற்றின் போக்கில் விட்டதுதான். இந்தப் பிராணியைத்தான் நல்ல படம் வேண்டுமென்று ஜீப்பில் துரத்துகிறார்கள். மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும், உண்மைதான். ஆனால் அது பந்தயத்துக்காக ஓடவில்லை; உயிருக்குப் பயந்து ஓடுகிறது. புல்லும் நிழலும் அரிதான பூமியில், தின்று சேர்த்த பலத்தையெல்லாம் நம்முடைய ஒரு படத்துக்காகச் செலவழிக்கிறது. சரணாலயத்துக்குள் எந்தப் பிராணியையும் சீண்டக்கூடாது என்று 1972-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. துரத்துவது சீண்டல் இல்லையென்றால், வேறு எதுதான் சீண்டல்?

"ஒரு மழை பெய்தால் தடமெல்லாம் அழிந்துவிடும். என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சின்ன ரண்ணில் வெள்ளம் ஏறும் இடங்களில் தடம் அழியத்தான் செய்யும். ஆனால் உடைந்த வரப்பை மழை கட்டித் தருமா? வெறுந்தரையில் முட்டையிடும் பட்சிகளின் நசுங்கிய முட்டையை ஒட்டித் தருமா? தாயைப் பிரிந்து ஓடின குட்டியைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்குமா?

தவிரவும், எல்லா வெளியும் ரண் அல்ல. அமெரிக்காவில் மரணப் பள்ளத்தாக்கு என்ற இடத்தில், கற்கள் தாமாகவே நகர்ந்து கோடு போடுகிற ஒரு வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. உலகப் புகழ் பெற்றது. 2016-ல் எவனோ ஒருவன் அதில் வண்டியை விட்டுச் சுமார் 16 கிலோமீட்டருக்குத் தடம் கிழித்துவிட்டுப் போனான். பிறகு தொண்டர்கள் தண்ணீர் ஊற்றி, வாரியால் கீறி, அந்தத் தடத்தை ஆற்ற வேண்டியிருந்தது. கிழித்தவனுக்கு ஒரு பொழுதின் களிப்பு. ஆற்றியவர்களுக்கு முதுகெலும்பு முறிகிற வேலை. சாகசத்தின் கணக்கு எப்போதும் இப்படித்தான். அனுபவிக்கிறவன் ஒருவன், செலுத்துகிறவன் வேறொருவன்.

"சுதந்திரமாகத் திரிவது தப்பா?" என்பது இன்னொரு கேள்வி. உப்பையும் சுதந்திரத்தையும் பற்றி குஜராத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1930-ல் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைக்கு ஒரு கிழவர் 24 நாள் நடந்தார். அதே வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்புக்காக நடந்தவர்களின் தேசத்தில், உப்பு விளைகிறவன் நிலத்தின் மேல் வண்டியேற்றுவதைச் சுதந்திரம் என்று சொல்ல நாக்கூச வேண்டாமா? தலைமுறை தலைமுறையாக அங்கே உழைக்கிற அகரியா, தன் பாத்தி தன்னுடையதென்று காட்ட ஆவணம் தேடி அலைகிறான். வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கோ கட்டணம் கட்டினால் வாசலிலேயே அனுமதிச் சீட்டு!

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் போய்ப் பாருங்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஏற்கனவே விழுந்திருக்கிற வண்டித்தடத்திலேயே போங்கள். கழுதைக் கூட்டம் தெரிந்தால் வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். குடிசையில் அழைத்தால், உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்து, மூட்டை உப்புக்கு வியாபாரி என்ன கொடுக்கிறான் என்று விசாரியுங்கள். திரும்பி வந்து பேச விஷயம் வேண்டுமல்லவா? வட்டம் போட்ட கதையை விட இது நிறைய இருக்கும்.