பிள்ளையை மட்டும் அனுப்பலாமா?

"விளையாட்டாவது, வைத்தியமாவது!" என்று நகைப்போர் நம்மிடையே பலர். அதிலும் விஞ்ஞானம் பயிலும் நாம், அளந்து காட்ட முடியாத எதையும் எளிதில் நம்புவதில்லை. நல்ல குணந்தான். ஆயினும் நகைக்குமுன் செய்தியைக் கேட்டல் வேண்டும் அன்றோ?

வளர்ந்தவனுக்கு மனத்துயர் வந்தால் நண்பனிடம் சொல்லி ஆறுவான். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதற்கான சொற்கள் ஏது? அதன் அச்சமும் சினமும் வயிற்றுவலியாக, பிடிவாதமாக, இரவில் பாயை நனைப்பதாக வெளிப்படலாம். அதனிடம், "உனக்கு என்ன குறை? சொல்!" என்று அதட்டிப் பயன் என்ன? பொம்மையும் களிமண்ணும் கொடுத்துப் பாருங்கள்; கைகள் பேசும். இலண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டு அம்மையார் 1928-இல் தொடங்கிய நிலையத்தில், குழந்தைகள் மணல்தட்டில் சிறு பொம்மைகளை அடுக்கித் தம் உலகத்தைத் தாமே காட்டினர். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் அம்மையார் 1947-இல் இச்சிகிச்சைக்கென ஒரு நூலே எழுதினார். குழந்தை முன்செல்ல வேண்டும், பெரியவர் பின்செல்ல வேண்டும் என்பது அவர் முறை. தேவையான சில வரம்புகளே உண்டு.

இவ்வளவும் தெரிந்த பெற்றோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பழுதான ரேடியோவைக் கடையில் விட்டு மாலையில் வாங்கிக்கொள்வதுபோல், பிள்ளையை ஆலோசகரிடம் விட்டு வெளியே உட்கார்ந்துவிடுகின்றனர். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகருடையது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டினுடையது அல்லவா? 1960-களில் கர்னி தம்பதியர் இதை உணர்ந்து, பெற்றோருக்கே பயிற்சி அளித்தனர். வாரம் ஒருமுறை அரைமணி போதும். தந்தையோ தாயோ தரையில் அமர வேண்டும். பாடம் சொல்லக் கூடாது. கேள்வி கேட்டுத் துளைக்கக் கூடாது. பிள்ளை செய்வதைக் கூர்ந்து நோக்கி உடனிருக்க வேண்டும். நம் தந்தையருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இருக்குமா என்பது ஐயமே! எண் கேட்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 93 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், பயிற்சி பெற்ற பெற்றோரே நடத்தியவிடத்துப் பயன் இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது.

இத்தலைநகரில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. என் தெருவில், தென்னாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று. பாட்டி ஊரிலே, தந்தை இரவில்தான் திரும்புவார். ஒருநாள் அந்த அம்மாள் என்னிடம், "தம்பி, ஊருல இவ வாய் ஓயாம பேசுவா. இங்க பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை பேசலையாம். கொஞ்சம் இந்தி சொல்லிக் குடுங்களேன்" என்றார். புதுமொழி கேட்கும் குழந்தை சிலகாலம் மௌனமாயிருத்தல் இயல்பு, அது நோயன்று. ஆனால் மாதங்கள் கடந்தும் வீட்டில் பேசி வெளியில் வாய் திறவாதிருந்தால், தக்கவரிடம் காட்டத்தான் வேண்டும். அங்கேதான் இடர். மணல்தட்டின்முன் குழந்தைக்கு இந்தி தேவையில்லை, தாய்க்குத் தேவை! மகளைப் பற்றி நூறு செய்தி அறிந்த தாய், மருத்துவர்முன் ஊமையாக நிற்கிறாள்.

2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலும் பேசலாம். நம்மவருள் இதை அறிந்தோர் எத்தனை பேர்? பொங்கல் விழாவுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடத்தும் நம் சங்கம், தமிழறிந்த குழந்தை ஆலோசகர்கள் இந்நகரில் எங்குள்ளனர் என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாகாதா? தாயர் விரும்பினால், மொழிபெயர்க்க ஒருவர் உடன் செல்லலாகாதா? நாமே வைத்தியராகிவிட வேண்டா. அது பயிற்சி பெற்றவர் தொழில். அங்கே கேட்டதை விடுதியில் வந்து பேசாதவராகப் பார்த்து அனுப்பினால் போதும். வரும் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியுள்ளேன். மறுப்போர் அன்று எழுந்து மறுக்கலாம்.