கல்முனைக் கரையின் கணக்கைக் கேட்போம்



மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓர் இளம்பிள்ளை தற்கொலையில் மௌத்தானால் நாம் என்ன செய்கிறோம்? "திடீரென்று வருத்தமாம்" என்று ஜனாஸாவை அடக்கிவிட்டு, இரவு முழுக்க வாட்சப்பில் காரணம் தேடுகிறோம். காதலாம், பரீட்சையாம், போனாம். இந்த ஊகங்களை வைத்து அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற முடியாது.

கணக்கை வைத்து முடியும். இந்த நாடே சாட்சி. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையில் போனார்கள். பொலிஸ், வைத்தியசாலைப் பதிவுகளை அலசியவர்கள் கண்டது என்ன? பலர் நாட்கணக்கில் திட்டமிட்டவர்களே அல்லர். வீட்டுச் சண்டையின் சூட்டில், கைக்கெட்டிய வயல் மருந்தால் போனவர்கள். கொடிய மருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டில் விகிதம் மூன்றிலொன்றாக இறங்கியது. சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

ஆனால் மரணம் குறைந்த அளவுக்கு, முயன்றுவிட்டு வார்டுக்கு வருகிறவர்கள் குறையவில்லை. அவர்களில் பெரும்பகுதி இளசுகள். நமக்கு வேண்டியது அந்த வார்டுப் பதிவு.

ஆகவே இந்த வாரமே கிளம்புவோம். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவோம். வயதுப் பிரிவு, ஆண் பெண், முயன்ற வழி, வீடு திரும்பியபின் யாராவது போய்ப் பார்த்தார்களா: இவ்வளவும் கேட்போம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

பெயர் ஒன்றுகூட வேண்டாம். ஊர்வாரியாகவும் வேண்டாம். சாய்ந்தமருதில் இந்த மாதம் ஒன்று என்று எழுதினாலே எந்த வீடென்று ஊருக்குத் தெரிந்துவிடும். கரை முழுவதையும் சேர்த்து, ஆண்டுவாரியாக வாங்குவோம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, கொத்பாவில் ஒன்றைச் சொல்லுங்கள்: தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து எந்த உம்மாவும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் இருக்கக் கூடாது. இறந்த பிள்ளையின் படத்தைப் பகிர்கிற தம்பிமாரே, கையை எடுங்கள்.

மனம் கனக்கிறவர் யாரும் 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம். அந்த இலக்கத்தை நாளைக்கே ரியூஷன் வகுப்புச் சுவர்களில் ஒட்டுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட ஜும்ஆவுக்குப் பிறகு வாருங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.